இறக்கின வண்டியும் இருபத்தஞ்சு எம்.எம். ரப்பரும்

வண்டியை ‘இறக்கணும்’னு ஆசை இருக்கிறவங்க நம்ம டிபார்ட்மென்ட்லயே ஒரு பத்து பேராவது இருப்பீங்க. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி, அகலமான அலாய் வீல், தரையோட ஒட்டிப் போற மாதிரி ஒரு நிலை. ஃபோட்டோவுல பார்க்க நல்லாத்தான் இருக்கும். அந்த ஆசையைக் கெடுக்க இதை எழுதலை. ஸ்பிரிங் வாங்குறதுக்கு முன்னாடி, அதுக்கு உள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு சின்ன ரப்பரைப் பத்தி ஒரு தடவை யோசிங்கன்னு சொல்லத்தான் எழுதுறேன். பம்ப் ஸ்டாப்னு பேரு. புதுசா கார் வாங்குறவங்க யாரும் ஷோரூம்ல அதைப் பத்திக் கேட்கிறதில்ல.

எனக்கு ஊர் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் பிறந்த ஊர், உறங்காப்புளி இருக்கிற ஊர்னு கோயிலுக்கு வர்றவங்களுக்குத் தெரியும். திருச்செந்தூருக்குப் போறவங்களுக்கு, திருநெல்வேலியிலிருந்து போற ரோட்டுல ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாண்டினதும் வர்ற ஊர். ஒரு பக்கம் தாமிரபரணி, சுத்தி வாழையும் வயலும். ரோட்டுல நடந்து போற பாதயாத்திரைக்காரங்க, வாழைத்தார் ஏத்தின லாரி, தெருவுக்குத் தெரு வேகத்தடை. இறக்கின வண்டிக்கு இதைவிடக் கஷ்டமான ஊர் தேடணும்.

என் பெரியப்பா மகன் இங்கதான் இருக்கான். பழைய ஹேட்ச்பேக் ஒண்ணு வச்சிருக்கான். முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னாடி டார்ஷன் பீம், நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான சின்ன கார் மாதிரியே. போன வருஷம் வெளியூர்ல ஒரு கடையில குடுத்து 35 மி.மீ. இறக்குற ஸ்பிரிங் நாலும் மாட்டிட்டு வந்தான். வண்டி அழகாத்தான் இருந்தது. ஆனா எந்த வேகத்தடையில ஏறினாலும் ‘டம்’னு ஒரு அடி. சத்தம்னு சொல்றதைவிட, முதுகெலும்புல வந்து இறங்குற அடின்னு சொல்லணும்.

அப்போ மதினிக்கு ஏழாவது மாசம். செக்கப்புக்கு தூத்துக்குடி போகணும். ரெண்டு தடவை இந்த வண்டியில போயிட்டு வந்தவங்க, மூணாவது தடவைக்கு, “நான் பஸ்ல போயிக்கிடுதேன், பஸ்ஸு இதைவிட மெத்துன்னு இருக்கு”ன்னு சொல்லிட்டாங்க. ஆச்சி ஒண்ணுமே சொல்லலை. சொல்லாததுதான் அண்ணனுக்கு ரொம்ப உறைச்சது.

எங்க ஊர்ப்பக்கத்து மெக்கானிக் அண்ணாச்சி வண்டியைத் தூக்கிப் பார்த்துட்டு உடனே சொல்லிட்டார். “ஸ்பிரிங்கு கொறைஞ்சிருக்கு, உள்ள ரப்பரு கொறையலலா? அதுல போயி முட்டுது. கழட்டிப் போட்ருவமா?” அண்ணன் சரின்னு சொல்லப் போனான். நான் செமஸ்டர் லீவுல வந்திருந்தேன். ஒரு நாள் பொறுங்க, அளந்து பார்ப்போம்னு கேட்டேன். அண்ணாச்சிக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. “படிச்ச புள்ள, அளக்கட்டும்”னு ஜாக்கியை எடுத்துக் குடுத்தார்.

அந்த ரப்பர் எதுக்கு?

ஷாக் அப்சார்பர் தண்டுல, மேல மவுன்ட்டுக்குக் கீழ, மடிப்பு மடிப்பா ஒரு குழல் மாதிரி மாட்டியிருக்கும். பல வண்டியில அது சாதா ரப்பர்கூட இல்ல, நுண்ணறைகள் நிறைஞ்ச பாலியூரிதேன் நுரை. சக்கரம் மேல ஏறும்போது ஷாக் உடம்போட வாய் இந்த நுரையில வந்து மோதும். முதல்ல மெத்துன்னு அமுங்கும். பாதி அமுங்கினப்புறம் வேகமா கெட்டியாகும். அதாவது இது வெறும் முட்டுக்கட்டை இல்ல, கடைசி நேரத்துல கூட வந்து கைகொடுக்கிற ரெண்டாவது ஸ்பிரிங்.

அது மூணு வேலை பார்க்குது. ஷாக்குக்கு உள்ள பிஸ்டன் போய் அடிவால்வுல இடிக்காமத் தடுக்குது. டயர் ஃபெண்டர்ல உரசாமத் தடுக்குது. முழு லோடுல பள்ளம் வரும்போது மிச்சமிருக்கிற ஆற்றலை வாங்கிக்குது. இதைக் கழட்டிப் போட்டா சத்தம் கொஞ்ச நாள் நிக்கும். அப்புறம் பம்ப் ஸ்டாப் வேலையை ஷாக்கோட உள்பாகமும் பாடியோட தகடும் பார்க்க ஆரம்பிக்கும். சீல் கிழிஞ்சு எண்ணெய் ஒழுகும், மவுன்ட் உடையும். அதனாலதான் அண்ணாச்சிகிட்ட, கழட்டவேண்டாம், வெட்டுறதா இருந்தா எவ்வளவு வெட்டணும்னு பார்ப்போம்னு சொன்னேன்.

முன்பக்கக் கணக்கு

வண்டி சமதரையில நிக்கும்போது தூசிக் கவரை மேல தள்ளிட்டு, ஷாக் வாய்க்கும் பம்ப் ஸ்டாப் நுனிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அளந்தோம். வெறும் 5 மி.மீ. 35 இறங்கியிருக்கு, அப்போ பழைய ஸ்பிரிங்ல அது 40 மி.மீ. இருந்திருக்கும். ஸ்டாப்போட நீளம் 60.

ஸ்பிரிங் விறைப்புக்கு நம்ம மெஷின் டிசைன் ஃபார்முலாவே போதும். கம்பி விட்டத்தோட நாலாவது அடுக்கு மேல, சுருள் விட்டத்தோட மூணாவது அடுக்கும் சுருள் எண்ணிக்கையும் கீழ. வெர்னியர் வச்சு அளந்து போட்டா பழைய ஸ்பிரிங் மில்லிமீட்டருக்குச் சுமார் 20 நியூட்டன், புதுசு 26 வந்தது. ஸ்ட்ரட்ல சக்கரம் ஏறுற தூரமும் ஷாக் அமுங்குற தூரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால இந்த எண்களை அப்படியே எடுத்துக்கலாம்.

இப்போ, ரப்பர்ல மோதுறதுக்கு முன்னாடி ஸ்பிரிங் எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கும்? நிக்கிற நிலையிலிருந்து கணக்குப் போட்டா, விறைப்புல பாதி பெருக்கல் தூரத்தோட வர்க்கம்.

பழைய ஸ்பிரிங், 40 மி.மீ.: 16 ஜூல்.
புது ஸ்பிரிங், வெட்டாத ரப்பர், 5 மி.மீ.: 0.3 ஜூல்.
புது ஸ்பிரிங், 25 மி.மீ. வெட்டின ரப்பர், 30 மி.மீ.: 11.7 ஜூல்.

நடுவுல இருக்கிற எண்ணைப் பாருங்க. 16 எங்க, 0.3 எங்க? ஸ்பிரிங் 30 சதவீதம் விறைப்பாகியும் ஒரு புண்ணியமும் இல்ல, ஏன்னா தூரம் வர்க்கத்துல வருது. அண்ணன் காசு குடுத்து வாங்கின ஸ்பிரிங் வேலையே செய்யலை, வண்டி முழுக்க ரப்பர்மேலதான் ஓடிக்கிட்டு இருந்தது. பழைய 16 ஜூலைத் திரும்பக் கொண்டுவரணும்னா புது ஸ்பிரிங்குக்கு 35 மி.மீ. இடைவெளி வேணும், அதாவது 30 வெட்டணும். அப்போ ரப்பரே பாதிதான் மிஞ்சும். 25 ஓரளவுக்கு நடுநிலை.

ஆனா வெட்டினா அதுக்கும் ஒரு விலை உண்டு. இந்த நுரை முழுசா அமுங்கினா தன் உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு வரும்னு வைங்க. 60 மி.மீ. ரப்பர் 20 வரைக்கும் அமுங்கும். 35 மி.மீ. ரப்பர் 12 வரைக்கும் அமுங்கும். அப்போ சக்கரம் முன்னைவிட 8 மி.மீ. கூடுதலா மேல ஏறலாம். அந்த 8 மி.மீ. எங்கிருந்து வருது? டயருக்கும் உள் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்கிற இடத்திலிருந்து, ஷாக்குக்குள்ள பிஸ்டனுக்கும் அடிவால்வுக்கும் நடுவுல இருக்கிற இடத்திலிருந்து. ரெண்டும் இருக்கான்னு பார்க்காம வெட்டக்கூடாது.

பார்க்க வழி இருக்கு. ஸ்ட்ரட்டைக் கழட்டி, ஸ்பிரிங் இல்லாம ரப்பரை மட்டும் போட்டுத் திரும்ப மாட்டுங்க. பாடியை ஸ்டாண்டுமேல நல்லா உட்கார வச்சுட்டு, சக்கரத்தை மட்டும் ஜாக்கியால மெதுவா மேல ஏத்துங்க. ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க. எங்க உரசுதுன்னு கண்ணாலயே தெரியும். எங்களுக்கு முன்பக்கம் டயர் உரசலை, ஷாக்கும் உள்ள இடிக்கலை.

ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது ஸ்பிரிங் கம்ப்ரெசர் போட்டுச் சுருளை அமுக்கின பிறகுதான் மேல் நட்டைத் தொடணும். உள்ள அமுங்கியிருக்கிற ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். இதை அனுபவமுள்ள கை இல்லாம செய்யாதீங்க.

பின்பக்கம் வேற கதை

முன்பக்கம் எஞ்சின் எடை எப்பவும் ஒண்ணுதான். பின்பக்கம் அப்படி இல்ல. காலியா ஓடும், அடுத்த நாள் ஆச்சி, பெரியம்மா, மதினி, பை, தூக்குச்சட்டி எல்லாம் ஏறும். கம்பெனிக்காரன் ஸ்டாப்பை அந்த ரெண்டாவது நாளுக்காகத்தான் அங்க வச்சிருக்கான்.

பின்னாடி இடைவெளி 15 மி.மீ. இருந்தது, பழைய ஸ்பிரிங்ல 50. விறைப்பை அளக்க வீட்ல இருந்த அரிசிச் சிப்பம் போதும். 25 கிலோ சிப்பம் ரெண்டை டிக்கியில, பின் அச்சுக்கு நேர் மேல வச்சோம். வண்டி 10 மி.மீ. இறங்கினது. ஒரு பக்கத்துக்கு 25 கிலோ, சுமார் 245 நியூட்டன். அப்போ மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 25.

பின்னாடி மூணு பேரும் சாமானும் சேர்ந்து 150 கிலோ அச்சுமேல வருதுன்னு வைங்க. ஒரு பக்கத்துக்கு 75 கிலோ, 735 நியூட்டன், 29 மி.மீ. இறக்கம். இடைவெளியோ 15. அதாவது வண்டி நகர்றதுக்கு முன்னாடியே, வீட்டு வாசல்ல நிக்கும்போதே, மதினி ஸ்பிரிங்மேல உட்காரலை, ரப்பர்மேல உட்கார்ந்திருக்காங்க. ‘பஸ்ஸு மெத்துன்னு இருக்கு’ன்னு அவங்க சொன்னது கோபத்துல சொன்னது இல்ல. அது ஒரு அளவீடு.

20 மி.மீ. வெட்டினா இடைவெளி 35 ஆகும், லோடு ஏறினப்புறம் 6 மிஞ்சும். காகிதத்துல இது தப்பிச்ச மாதிரிதான். ரோட்டுல?

இந்தியச் சாலைக் காங்கிரஸோட 1988ஆம் வருஷ வழிகாட்டு நெறி ஒண்ணு இருந்தது, ஐ.ஆர்.சி. 99. அதுல வேகத்தடைன்னா 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு, 25 கி.மீ. வேகத்துல கடக்கிற மாதிரி. அந்த மாதிரி இருந்தா இறக்கின வண்டிகூட ஏறி இறங்கிடும். நம்ம தெருக்கள்ல அதே உயரத்தை ஒரு முழம் அகலத்துல கட்டி வச்சிருக்கோம். சக்கரம் வளைவுல ஏறாது, படியில ஏறும்.

வளைவுல என்ன ஆகும்

ரப்பர்மேல ஓடுறது இடுப்புவலி விஷயம் மட்டும் இல்ல. வெஹிக்கிள் டைனமிக்ஸ் எடுத்தவங்களுக்கு இது புரியும். வளைவுல எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும். முன் அச்சும் பின் அச்சும் தங்களோட விறைப்புக்கு ஏத்த மாதிரி அந்த மாற்றத்தைப் பங்கு போட்டுக்கும். பின்னாடி வெளிச் சக்கரம் திடீர்னு பம்ப் ஸ்டாப்ல மோதினா, பின் அச்சோட விறைப்பு ஒரு நொடியில எகிறும், எடை மாற்றத்துல பெரும்பங்கு அங்க போகும். டயரோட பிடி எடைக்கு ஏத்த விகிதத்துல கூடாது, கொஞ்சம் குறைவாத்தான் கூடும். அதனால அந்த அச்சோட மொத்தப் பிடி குறைஞ்சு பின்பக்கம் வழுக்கும். முன்னாடி மோதினா வண்டி திரும்பாம நேரா போகப் பார்க்கும். மழை பெஞ்ச ரோட்டுல, முழு லோடுல, ஓட்டுறவங்களுக்கு முன்னறிவிப்பே இல்லாம இது நடக்கும். எனக்குப் பயம் இதுலதான் இருந்தது, சத்தத்துல இல்ல.

வெட்டினோம், ஓட்டினோம்

அண்ணன் ஒரிஜினல் ரப்பர் நாலையும் பத்திரமா எடுத்து வச்சுட்டு, வெட்டுறதுக்குன்னு புதுசு நாலு வாங்கினான். நீங்களும் இதை மட்டும் கட்டாயம் செய்யுங்க. வெட்டின ரப்பர் பழைய ஸ்பிரிங்குக்கு ஆகாது.

வெட்டும்போது மடிப்புப் பள்ளத்துல வெட்டணும், மேட்டுல இல்ல. கூர்மையான பிளேடு, சோப்புத் தண்ணி, ஒரே வெட்டு. பிசிறு இருந்தா அங்கிருந்துதான் கிழிய ஆரம்பிக்கும். எந்த முனையை வெட்டுறதுன்னு கேட்பீங்க. ஷாக்கைப் பார்த்திருக்கிற ஒல்லி முனைதான் மெத்துன்னு ஆரம்பிக்கிற பகுதி. அதை வெட்டினா மிச்சம் கட்டையாத்தான் இருக்கும். மேல் முனை மவுன்ட்ல உட்கார்ற அமைப்பு கெடாதுன்னா அந்தப் பக்கம் வெட்டுறது நல்லது. நல்ல ஸ்பிரிங் கம்பெனி, எந்த வண்டிக்கு எங்க எவ்வளவு வெட்டணும்னு கிட்டோட தாள்ல எழுதியே குடுக்கும். தாள் இருந்தா அதுதான் வேதம். அண்ணன் வாங்கின இடத்துல தாளும் தரலை, ரப்பரைத் தொடவும் இல்லை.

மாட்டும்போது இன்னொண்ணு. ஆர்ம் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுசா இறுக்காதீங்க. வண்டி தரையில நிக்கிற உயரத்துல இறுக்கணும், இல்லன்னா புஷ் முறுக்கிக்கிட்டே நிக்கும். அப்புறம் வீல் அலைன்மென்ட். இறக்கினா டோவும் கேம்பரும் கட்டாயம் மாறியிருக்கும்.

சோதனைக்கு ஒரு கேபிள் டை போதும். ஷாக் தண்டுல லேசா இறுக்கி, கீழ தள்ளி விட்டுட்டு ஓட்டுங்க. ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கினதோ அதுவரைக்கும் டை மேல தள்ளப்பட்டு நிக்கும். பெரிய பெரிய ரேஸ் டீம்ல சென்சார் பார்க்கிற வேலையை அஞ்சு ரூபாய்ல பார்க்கலாம்.

அண்ணன் மட்டும் ஓட்டினப்போ நாலு பக்கமும் டை நடுவுலயே நின்னது. ‘டம்’ போயே போச்சு. அண்ணன் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அடுத்தது ஆறு சிப்பம் ஏத்தி, 150 கிலோவோட, மெதுவா அதே ரோட்டுல ஒரு சுத்து. திரும்பி வந்து பார்த்தா பின்னாடி ரெண்டு பக்கமும் கேபிள் டை ரப்பரோட அடிவாய்ல அழுந்திப் பதிஞ்சு கிடந்தது. 6 மி.மீ. எந்த வேகத்தடைக்கும் பத்தலை.

அண்ணன் கொஞ்ச நேரம் குனிஞ்சு அதையே பார்த்தான். அப்புறம் அண்ணாச்சிகிட்ட, “ரெண்டு பேரு போற வண்டின்னா இது போதும். நம்ம வீட்டுக்கு ஆவாது. பழசையே மாட்டிருங்க”ன்னான். அண்ணாச்சி, “காசு போச்சேடே”ன்னார். “போவட்டும்”னு மட்டும் சொன்னான்.

ஒரிஜினல் ஸ்பிரிங், ஒரிஜினல் ரப்பர். அதே ஆறு சிப்பத்தை ஏத்தி அளந்தோம். 37 மி.மீ. இறங்கி, 13 மி.மீ. மிஞ்சியிருந்தது. 6-க்கும் 13-க்கும் வித்தியாசம் சின்னதுதானேன்னு தோணும். ஆனா அங்க வெட்டாத முழு ரப்பரும் மிச்சம் இருக்கு. அடுத்த செக்கப்புக்கு மதினி கார்லதான் போனாங்க. வேகத்தடையில அண்ணன் நின்னு நின்னு ஏத்தினான்னு ஆச்சி சொன்னாங்க.

நம்ம காலேஜுக்கு இதுல என்ன

கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேல ஃபார்முலா பாரத்துக்குப் போற டீம் நண்பர்கள் ஒரு விதியைப் பார்த்திருப்பீங்க. ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிப்படி சக்கரத்துக்குக் குறைஞ்சது 50 மி.மீ. பயணம் வேணும், அதுல மேல் நோக்கி 25 மி.மீ. இருக்கணும். அதோட ஒரு சின்ன நிபந்தனை: டிரைவர் உள்ள உட்கார்ந்த நிலையில. தரையோட ஒட்டி ஓடுற பந்தயக் காருக்கே, அளவு எடுக்கிறது ஆள் ஏறினப்புறம்தான். குடும்பக் காருக்கு அதைவிட முக்கியம்.

ஸ்டாப்பை எதிரியா பார்க்காம நல்ல ஸ்டாப் செஞ்சவங்களும் இருக்காங்க. சிட்ரோயன் சி5 ஏர்கிராஸ்ல ரப்பருக்குப் பதிலா ஷாக்குக்குள்ளயே மேல ஒண்ணு கீழ ஒண்ணா ரெண்டு ஹைட்ராலிக் தடுப்பு வச்சாங்க. ரப்பர் ஆற்றலை வாங்கி அதுல ஒரு பகுதியைத் திருப்பி உதைக்கும், எண்ணெய்த் தடுப்பு அதை வெப்பமா கரைச்சிடும். 2021-ல இந்தியாவுக்கு வந்த அந்த வண்டியை அசெம்பிள் பண்ணது நம்ம திருவள்ளூர்ல. ஒரு ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இதுல நல்ல விஷயம் இருக்கு.

சட்டத்தையும் சொல்லிடுறேன். மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-ஆம் பிரிவை வச்சு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பதிவுச் சான்றிதழ்ல இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் குடுத்ததிலிருந்து வேறுபடுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும்னு இருக்கு. அதனால ஸ்பிரிங் வாங்குறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுடுங்க, முடிஞ்சா எழுத்துல.

கடைசியா, சுருளைக் கேஸ் கட்டரால வெட்டி இறக்கித் தர்றேன்னு யாராவது சொன்னா அங்க நிக்காதீங்க. சூட்டுல ஸ்பிரிங் எஃகு தன் பதத்தை இழந்துடும். ஆறு சுருள்ல ஒண்ணு போனா விறைப்பு 20 சதவீதம் கூடும், ஆனா முனை சரியா உட்காராது. ரப்பரை மொத்தமா கழட்டிடலாம்னு சொன்னாலும் அதேதான்.

இறக்குறதுன்னு முடிவு பண்ணிட்டா, முதல்ல உங்க வண்டியில வழக்கமா யார் யார் ஏறுவாங்கன்னு எழுதுங்க. அவங்க எடைக்கு அரிசிச் சிப்பத்தை ஏத்துங்க. அப்புறம் இடைவெளியை அளங்க. எத்தனை மி.மீ. இறக்கலாம்ங்கிறதை அந்த எண் சொல்லும்.